சாம் மானெக்‌ஷாவும் ஐந்து போர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் வெலிங்டன் வழியாகப் போய் வந்தவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், 1971 போரைப் பற்றி எங்கோ ஒரு துணுக்கைப் படித்துவிட்டு மேலும் அறிய விரும்புகிறவர்கள் என்று பலரும் மானெக்‌ஷாவைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

மானெக்‌ஷா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சாம் ஹோர்முஸ்ஜி பிராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானெக்‌ஷா, 1969 ஜூன் முதல் 1973 ஜனவரி வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போர் அவர் தலைமையில் நடந்தது. அந்தப் போரின் முடிவில் வங்கதேசம் தனி நாடாயிற்று. இந்திய ராணுவத்தில் பீல்ட் மார்ஷல் பதவியை முதலில் பெற்றவர் அவர்தான். இதுவரை அந்தப் பதவியைப் பெற்ற மற்றொருவர் கே.எம்.கரியப்பா மட்டுமே, அதுவும் 1986-இல்.

தலைமைத் தளபதி பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டது ஒரு தமிழரிடமிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெனரல் பி.பி.குமாரமங்கலம், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன்.

பார்சிக்காரர் எப்படிப் பஞ்சாபில் பிறந்தார்? ராணுவத்துக்கு எப்படி வந்தார்?

குஜராத்தின் வல்சாடிலிருந்து அமிர்தசரஸுக்குக் குடிபெயர்ந்த ஒரு மருத்துவரின் மகன் அவர். பிறந்தது 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி. நைனிதாலில் உள்ள ஷெர்வுட் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின், லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். இன்னும் வயது வரவில்லை என்று தந்தை மறுத்துவிடவே, அந்தக் கோபத்தில் ராணுவக் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதினார் என்பது அவரே பிற்காலத்தில் சொன்ன காரணம்.

டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் 1932 அக்டோபரில் திறக்கப்பட்டபோது சேர்ந்த முதல் 40 பேரில் அவரும் ஒருவர். அந்த ஒரே அணியிலிருந்து மூன்று நாடுகளுக்குத் தலைமைத் தளபதிகள் கிடைத்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். ஒரே மைதானத்தில் அணிவகுப்புப் பழகிய மானெக்‌ஷாவும் மூசாவும் 1965-இல் எதிரெதிர் ராணுவங்களில் இருந்தார்கள். மூசா அப்போது பாகிஸ்தான் தரைப்படையின் தலைவர், மானெக்‌ஷா இந்தியாவின் ஒரு பிராந்தியத் தளபதி.

"ஐந்து போர் கண்டவர்" என்கிறார்களே, ஐந்திலும் சண்டை போட்டாரா?

இல்லை. இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். இரண்டாம் உலகப் போர், 1947–48 காஷ்மீர்ப் போர், 1962 சீனப் போர், 1965 போர், 1971 போர் ஆகிய ஐந்தையும் வரிசையாக எழுதி, எல்லாவற்றிலும் துப்பாக்கியோடு முன்வரிசையில் நின்றவரைப் போலச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. எதிரியின் குண்டுக்கு நேராக அவர் தம் படையை நடத்திச் சென்றது பர்மாப் போர்முனையில்தான்.

1947-இல் அவர் தில்லியில் போர்த்திட்டங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருந்தார். 1962-இல் சண்டை ஓய்ந்த பிறகுதான் களத்துக்கு அனுப்பப்பட்டார். 1965-இல் அவர் பொறுப்பில் இருந்த கிழக்குப் பகுதியில் தரைப் போர் நடக்கவே இல்லை. 1971-இல் முழு ராணுவத்துக்கும் தலைவராகத் தில்லியில் இருந்தார். இதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஒரு தளபதியின் வேலையில் எத்தனை வகை உண்டு என்பது இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. ஆகவே கீழே ஒவ்வொன்றாக வருகிறேன்.

பர்மாவில் அவர் மேல் அத்தனை குண்டு பாய்ந்தும் எப்படிப் பிழைத்தார்?

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை தெற்கு பர்மாவில் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. ரங்கூனைக் காப்பதற்குக் கடைசித் தடையாக இருந்தது சிட்டாங் ஆறும் அதன் மேல் இருந்த ரயில் பாலமும். பாலத்துக்கு அருகே பகோடா குன்று என்று அழைக்கப்பட்ட மேட்டை ஜப்பானியர் பிடித்துக்கொண்டால் பாலம் முழுவதும் அவர்களின் துப்பாக்கிக்குக் கீழே வந்துவிடும். பிரான்டியர் போர்ஸ் ரெஜிமென்டின் 4-வது பட்டாலியனில் கேப்டனாக இருந்த மானெக்‌ஷா, பிப்ரவரி 22 அன்று தம்முடைய சீக்கியக் கம்பெனியோடு அந்தக் குன்றின்மேல் எதிர்த்தாக்குதல் நடத்தினார். ஆட்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விழுந்தும் குன்று கைக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் இலகு ரக இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் சரமாரி அவர் வயிற்றில் இறங்கியது. குண்டுகள் ஏழு என்றும் ஒன்பது என்றும் இரு விதமாக எழுதுகிறார்கள்.

அவருடைய ஆர்டர்லியான சீக்கியச் சிப்பாய் அவரைக் களத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்ததால்தான் அறுவை மேசை வரை வந்தார். பிழைக்க வழியில்லாதவர் என்று கருதி முதலில் தொட மறுத்த ஆஸ்திரேலிய மருத்துவர், என்ன நடந்தது என்று கேட்டாராம். கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் வந்ததாம். இந்த நிலையிலும் வேடிக்கை பேசுகிறவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று கத்தியை எடுத்தார் என்பது கதை. ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து குண்டுகளை எடுத்ததோடு, குடலின் ஒரு பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விடியற்காலையில், தம் படையில் பெரும்பகுதி இன்னும் அக்கரையில் இருக்கும்போதே, பிரிட்டிஷ் தளபதிகள் சிட்டாங் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எவ்வளவு பேர் ஆற்றோடு போனார்கள் என்பதை நினைத்தால், முந்தைய நாளே காயம்பட்டுப் பின்னுக்குக் கொண்டுபோகப்பட்டதும் ஒரு வகையில் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே எனக்குத் தோன்றும்.

செத்துவிடுவார் என்று நினைத்துத்தான் பதக்கம் கொடுத்தார்களாமே?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. பிற்பாடு 17-வது டிவிஷனுக்குத் தளபதியாக வந்த டேவிட் கோவன், தம் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தின் நாடாவைக் கழற்றி மானெக்‌ஷாவின் மார்பில் குத்தினார். அந்நாளில் மிலிட்டரி கிராஸ் இறந்தவருக்கு வழங்கப்படுவதில்லை. அந்த விதி 1979-இல்தான் மாறியது. உயிர் போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு அதுவே காரணம். 1942 ஏப்ரலில் அந்த விருது அரசிதழில் முறைப்படி வெளியானது.

காயம் ஆறியதும் குவெட்டாவில் இருந்த ஸ்டாப் கல்லூரியில் 1943-இல் படித்தார். போர் முடிவதற்குள் ஜெனரல் ஸ்லிம்மின் 14-வது ராணுவத்தோடு மீண்டும் பர்மாவுக்குப் போனார். போர் முடிந்ததும் இந்தோசீனாவில் விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளின் மறுவாழ்வுப் பணி அவருக்குத் தரப்பட்டது.

அவர் பாகிஸ்தான் ராணுவத்துக்குப் போயிருக்க வேண்டியவரா?

பிரிவினையின்போது ரெஜிமென்டுகளும் பிரிந்தன. அவர் வளர்ந்த பிரான்டியர் போர்ஸ் ரெஜிமென்ட் பாகிஸ்தானின் பங்கில் போயிற்று. மானெக்‌ஷா இந்தியாவில் இருக்கவே விரும்பினார். முதலில் பஞ்சாப் ரெஜிமென்டுக்கும் பிறகு கூர்க்காப் படைக்கும் மாற்றப்பட்டார். பர்மாவில் அவரோடு இரத்தம் சிந்திய ரெஜிமென்டின் பெயர், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு இந்திய–பாகிஸ்தான் போரிலும் எதிரியின் படைவரிசையில் இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஜின்னா தம்மைப் பாகிஸ்தானுக்கு அழைத்தார் என்றும், தாம் போயிருந்தால் 1971-இல் தோற்றிருப்பது இந்தியாதான் என்றும் ஒரு பேட்டியில் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். ஓய்வு பெற்ற சில காலத்தில் வெளிவந்த அந்தப் பேச்சு பெரும் கூச்சலைக் கிளப்பியது. தம் சிப்பாய்களின் உழைப்பைத் தம் ஒருவர் கணக்கில் எழுதிக்கொள்ளும் பேச்சு அது. வேடிக்கை என்றாலும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

1947-இல் காஷ்மீரில் என்ன செய்தார்?

அப்போது அவர் தில்லி தலைமையகத்தில் போர் நடவடிக்கைப் பிரிவில் இருந்தார். பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த பழங்குடியினர் படை பாரமுல்லா வழியாக ஸ்ரீநகரை நெருங்கியபோது, அக்டோபர் 25-ஆம் தேதி சமஸ்தானங்கள் துறைச் செயலாளர் வி.பி.மேனனோடு விமானத்தில் ஸ்ரீநகர் சென்று, ராணுவ நிலைமையை நேரில் பார்த்துத் திரும்பினார். அவர் எடுத்துரைத்த நிலைமை, படையை உடனே அனுப்பும் முடிவுக்கு ஒரு முக்கியமான தரவாக இருந்தது. 27-ஆம் தேதி காலையில் 1-வது சீக்கியப் பட்டாலியனின் முதல் வீரர்கள் ஸ்ரீநகர் விமானத் தளத்தில் இறங்கினார்கள்.

1949 ஜூலையில் கராச்சியில் போர்நிறுத்தக் கோட்டை வரையறுக்க நடந்த பேச்சுவார்த்தையிலும் இந்தியக் குழுவில் அவர் இருந்தார். அந்தக் கோடு அவரை விடவில்லை. 1971 போருக்குப் பிறகு அதே கோட்டைக் கட்டுப்பாட்டுக் கோடாகத் திருத்தி வரைந்தபோது, ஜம்முப் பகுதியில் தாகோ சக் என்ற சின்னஞ்சிறு இடத்தைப் பற்றி எழுந்த சிக்கலைத் தீர்க்க, தலைமைத் தளபதியாக லாகூருக்குச் சென்று பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர் டிக்கா கானோடு பேசினார். 1972 டிசம்பர் 11 அன்று கோடு முடிவாயிற்று.

அவர் ஒரு பட்டாலியனைக்கூட நடத்தியதில்லை என்பது நிஜமா?

நிஜம். கூர்க்காப் பட்டாலியன் ஒன்றுக்குத் தளபதியாக நியமிக்கப்பட்டபோது, காஷ்மீர் நெருக்கடி காரணமாகத் தில்லி அலுவலகத்திலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டார். பிறகு வயதும் பதவியும் அந்தப் படியைத் தாண்டிவிட்டன. தரைப்படை அதிகாரியின் வாழ்க்கையில் பட்டாலியன் தளபதி என்பது மிக நெருக்கமான பதவி. ஏறத்தாழ 800 பேரின் பெயர், ஊர், குடும்பம் வரை தெரிந்திருக்க வேண்டிய இடம். அதைத் தாண்டிக் குதித்து 1952-இல் நேராக பிரோஸ்பூரில் பிரிகேட் தளபதியானார். இதைக் குறையாகச் சொன்னவர்கள் அக்காலத்திலும் உண்டு.

கூர்க்கா இல்லாதவருக்கு "சாம் பகதூர்" என்று எப்படிப் பெயர் வந்தது?

8-வது கூர்க்கா ரைபிள்ஸ் படைக்கு அவர் கௌரவத் தலைவராக இருந்தார். ஒரு நாள் பார்வையிடச் சென்றபோது, என் பெயர் தெரியுமா என்று ஹர்க பகதூர் குருங் என்ற சிப்பாயிடம் கேட்டார். வாயில் நுழையாத பார்சிப் பெயரைக் கூர்க்கா வழக்கத்துக்கு மாற்றி "சாம் பகதூர்" என்றார் சிப்பாய். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

கிருஷ்ண மேனனோடு என்ன தகராறு? தேச விரோதி என்று விசாரணை நடந்ததாமே?

நடந்தது. 1959-இல் மானெக்‌ஷா வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். குவெட்டாக் கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் அதற்கு ஈடாக இந்தியா உருவாக்கிய நிறுவனம் அது. குவெட்டாவில் படித்தவர் வெலிங்டனில் தலைவரானார். பாதுகாப்பு அமைச்சர் வி.கே.கிருஷ்ண மேனனுக்கும் ராணுவத்தின் மூத்த அதிகாரிகளுக்கும் இடையே அப்போது உரசல் முற்றியிருந்தது. தலைமைத் தளபதி திம்மய்யாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று அமைச்சர் ஒருமுறை கேட்க, மேலதிகாரியைப் பற்றிக் கருத்துச் சொல்வது ராணுவத்தில் வழக்கமில்லை என்று மானெக்‌ஷா மறுத்ததாகச் சொல்வார்கள். அமைச்சருக்கு வேண்டியவரான ஜெனரல் பி.எம்.கௌலோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை.

கல்லூரியில் அவர் பேசிய கிண்டல்களும், அறையில் மாட்டிய பழைய பிரிட்டிஷ் ஆட்சியாளர்களின் படங்களும் சேர்ந்து, நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற குற்றச்சாட்டாக உருவெடுத்தன. லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான ராணுவ விசாரணைக் குழு சாட்சிகளை விசாரித்து, குற்றச்சாட்டில் பொருளில்லை என்று விடுவித்தது. ஆனாலும் பதவி உயர்வு தொங்கலில் நின்றது. நியாயமாகப் பார்த்தால், நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் பாதி வினை வந்திருக்காது. மீதிப் பாதி அமைச்சகத்தின் கோஷ்டிப் பூசல்.

1962-இல் சீனாவோடு சண்டை போட்டாரா?

இல்லை, போர் முடிந்த பிறகு போனார். அக்டோபர் 20-இல் தொடங்கிய தாக்குதலில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் நம் படை நிலைகுலைந்தது. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. கிருஷ்ண மேனன் அதற்குள்ளேயே பதவியை இழந்திருந்தார். தேஜ்பூரில் இருந்த 4-வது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தளபதி கௌலும் விலகினார். எந்த கௌலோடு ஒத்துப்போகவில்லை என்று முந்தைய பதிலில் சொன்னேனோ, அவருடைய இடத்தில்தான் டிசம்பர் தொடக்கத்தில் மானெக்‌ஷா அமர்த்தப்பட்டார். ஒரு சீனத் தாக்குதல்தான் தம் உத்தியோகத்தைக் காப்பாற்றியது என்று அவரே கேலி செய்வாராம்.

அங்கே அவர் கண்டது தோற்ற படைக்கும் ஒரு படி கீழே போய்விட்ட படை. மலைப் பாதைகளில் கூட்டம் கூட்டமாகப் பின்வாங்கிய நினைவு எல்லோரிடமும் இருந்தது; தளபதிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனி எவரும் பின்வாங்கக் கூடாது, அப்படியோர் உத்தரவு ஒருபோதும் பிறப்பிக்கப்படாது என்று அறிவித்தது அவருடைய தொடக்க நடவடிக்கைகளில் ஒன்று. கேட்பதற்கு மேடை வசனம் போலிருக்கலாம். ஆனால் 1962-இல் படை சிதறியதற்கு ஒரு பெரிய காரணம், யார் எப்போது பின்வாங்கச் சொன்னார்கள் என்பதே தெரியாமல் வாய்மொழியாகப் பரவிய உத்தரவுகள். அந்த ஓட்டையைத்தான் அவர் அடைத்தார். பிறகு துருப்புகளை மீண்டும் எல்லையை நோக்கி முன்னே நகர்த்தும் வேலை தொடங்கியது.

1965 போரில் அவர் பெயரே கேட்கவில்லையே, ஏன்?

1964 நவம்பரில் கிழக்குப் பிராந்தியத் தளபதியாகக் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக்கு வந்தார். 1965 செப்டம்பர் போர் பஞ்சாபிலும் காஷ்மீரிலும் ராஜஸ்தானிலும் நடந்தது. மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங்கின் போர் என்று அதைச் சொல்லலாம். கிழக்கில் கலைக்குண்டா விமானத் தளத்தின்மேல் பாகிஸ்தான் விமானங்கள் தாக்கியது போன்ற வான் தாக்குதல்கள் மட்டுமே நடந்தன. சிக்கிம் எல்லையில் சீனா மிரட்டிக்கொண்டிருந்ததால், கிழக்கின் கவனம் வடக்கே திரும்பியிருந்தது.

ஆனால் அந்தப் பதவியில் அவர் 1969 வரை இருந்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1966-இல் மிசோ கிளர்ச்சியும், 1967-இல் நாதுலா, சோலா கணவாய்களில் சீனரோடு நடந்த மோதல்களும் அவர் பொறுப்பின்கீழ் வந்தவை. நாதுலாவில் களத்தை நேரடியாக நடத்தியவர் சகத் சிங். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் சாலைகளும் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை மானெக்‌ஷா அறிந்துகொண்டது இந்த ஆண்டுகளில்தான். போரே நடக்காத இந்த நாலரை ஆண்டுதான் 1971-க்கான உண்மையான தயாரிப்பு என்பது என் கருத்து.

1971 ஏப்ரலில் இந்திரா காந்தி முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொன்னாரா?

மானெக்‌ஷா பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னது இது. மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் அடக்குமுறையைத் தொடங்கியது. அகதிகள் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் இறுதியில் அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவரை அழைத்த பிரதமர், கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படையை அனுப்பச் சொன்னார். அவர் மறுத்து, வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன் என்றும் சொன்னார். மழைக்காலம் தொடங்கினால் அங்குள்ள ஆறுகள் கடலாகிவிடும். இமயக் கணவாய்கள் திறந்திருப்பதால் சீனா தலையிடக்கூடும். அறுவடைக் காலத்தில் தானியம் ஏற்ற வேண்டிய ரயில் பெட்டிகளைப் படைக்குக் கேட்டால் நாட்டில் பஞ்சம் வரும். கவசப் படையில் இயங்கும் நிலையில் உள்ள டாங்கிகள் மிகச் சிலவே. இவைதான் அவர் சொன்ன காரணங்கள்.

காரணங்கள் அத்தனையும் சரியானவை. ஆனால் இந்திரா காந்தி ஏப்ரலில் போருக்குத் துடித்தார், தளபதி ஒருவர் தடுத்து நிறுத்தினார் என்ற சித்திரத்தை, அக்கால அரசு ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் சிலர் ஏற்பதில்லை. பிரதமரும் அவருடைய ஆலோசகர்களும் அந்நேரத்தில் உடனடிப் போரை விரும்பவில்லை என்பதும், உலக நாடுகளின் கருத்தைத் திரட்ட அவகாசம் தேடினார்கள் என்பதும் அவர்களின் முடிவு. போருக்குத் துடித்த சில அமைச்சர்களின் வாயை அடைக்கத் தளபதியையே பேசவிட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

எப்படியாயினும், கிடைத்த ஏழு மாதங்கள் வீணாகவில்லை. அகதிகள் ஒரு கோடியை எட்டினார்கள். வங்கதேச விடுதலைப் போராளிகளின் படையான முக்தி வாஹினிக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லைக்குச் சாலைகளும் கிடங்குகளும் உருவாயின. டிசம்பர் 3 மாலையில் மேற்கே இந்திய விமானத் தளங்களைப் பாகிஸ்தான் தாக்கியபோது, கணவாய்களில் பனி மூடியிருந்தது, வயல்கள் காய்ந்திருந்தன.

டாக்காவைப் பிடித்தது யார் திட்டம்? மானெக்‌ஷாவா, ஜேக்கபா?

இது இன்னும் முடியாத வழக்கு. கிழக்குப் பிராந்தியத்தின் தலைமைப் பணியாளராக இருந்த மேஜர் ஜெனரல் ஜே.எப்.ஆர்.ஜேக்கப், தலைமையகத்திலிருந்து வந்த உத்தரவில் குல்னா, சிட்டகாங் ஆகிய துறைமுகங்களே முக்கிய இலக்குகளாக இருந்தன, டாக்கா இல்லை, தாம்தான் டாக்காவைக் குறியாக வைத்தேன் என்று எழுதினார். தில்லியில் மேஜர் ஜெனரல் கே.கே.சிங் வரைந்த திட்டத்தில் இயன்றவரை அதிக நிலப்பகுதியைப் பிடிப்பதே நோக்கமாக இருந்தது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் தலைநகரை நோக்கிய ஓட்டத்தை நடைமுறையில் சாத்தியமாக்கியவர், முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த சகத் சிங். பாலம் இல்லாத அகன்ற மேக்னா ஆற்றை ஹெலிகாப்டர்களில் ஆட்களை ஏற்றியே தாண்டச் செய்தார். டிசம்பர் 11 அன்று டாங்கைலில் பாராசூட் படை இறங்கியது. ஆக, தில்லி போட்ட திட்டத்தைக் களம் தாண்டி ஓடியது. மானெக்‌ஷாவுக்குத் தர வேண்டிய பெருமை, அந்த ஓட்டத்தைப் பார்த்து மனத்தை மாற்றிக்கொண்டதிலும், முப்படைகளையும் ஒன்றாக இழுத்துச் சென்றதிலும் இருக்கிறது. வானொலி வழியாகவும் துண்டறிக்கை மூலமாகவும், சரணடைந்தால் ஜெனீவா ஒப்பந்தப்படி கௌரவமாக நடத்துவோம் என்று அவர் திரும்பத் திரும்ப அளித்த உறுதியும் பாகிஸ்தான் படையின் மனத்தைக் கரைத்தது. 15-ஆம் தேதி மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை டாக்காவின்மேல் குண்டுவீச்சை நிறுத்திவைத்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

மேற்குப் போர்முனையையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும். அங்கே ஷக்கர்கட் பகுதியில் முன்னேறினோம். சம்ப் பகுதியை இழந்தோம். 1971 என்றாலே முழு வெற்றி என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரணடைவுப் படத்தில் மானெக்‌ஷா ஏன் இல்லை?

டிசம்பர் 16 மாலை டாக்கா ரம்னா பந்தய மைதானத்தில் போட்ட மேசையில் பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாசியும் இந்தியாவின் ஜக்ஜித் சிங் அரோராவும் கையெழுத்திட்டார்கள். கிழக்குப் போர்முனையில் இந்திய, வங்கதேசக் கூட்டுப் படைகளின் தளபதி அரோராதான். பத்திரமும் அவரிடமே சரணடைவதாக எழுதப்பட்டது. போகச் சொல்லிப் பிரதமர் கேட்டதாகவும், பாகிஸ்தானின் முழு ராணுவமும் சரணடைந்தால் மட்டுமே தாம் போவது முறை, இது அரோராவுக்கு உரிய மரியாதை என்று மறுத்ததாகவும் மானெக்‌ஷா சொன்னார்.

93,000 பேரைப் பிடித்துவைத்துக்கொண்டு காஷ்மீரை முடித்திருக்கலாமே, ஏன் விட்டார்?

விட்டது அவர் அல்லர். முதலாவதாக, ஏறத்தாழ 93,000 என்ற எண்ணிக்கையில் சிப்பாய்களோடு துணைப்படையினரும் பொதுமக்களும் அடக்கம். இரண்டாவதாக, முந்தைய பதிலில் சொன்னபடி அவர்கள் சரணடைந்தது கூட்டுப் படையிடம். வங்கதேசத்தின் சம்மதம் இல்லாமல் இந்தியா தனித்துப் பேரம் பேச இயலாது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தமும், 1973 ஆகஸ்டில் கைதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய தில்லி ஒப்பந்தமும் அரசுகள் எடுத்த முடிவுகள். கைதிகள் திரும்பிப் போன காலத்தில் மானெக்‌ஷா பதவியிலேயே இல்லை.

பீல்ட் மார்ஷலுக்கு ஓய்வே கிடையாதாமே? பிறகு ஏன் சம்பளப் பாக்கி?

1973 ஜனவரி 1 அன்று பீல்ட் மார்ஷலானார். 15-ஆம் தேதி தலைமைத் தளபதி பொறுப்பை ஜெனரல் பேவூரிடம் ஒப்படைத்தார். மரபுப்படி பீல்ட் மார்ஷல் சாகும் வரை பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். அப்படியானால் முழுச் சம்பளமும் உண்டு. ஆனால் அதற்கான ஊதிய விதிகளை அரசு ஒழுங்காக வகுக்கவில்லை. குன்னூரில் குடியேறிய அவர் பல ஆண்டுகள் சொற்பத் தொகையையே பெற்று வந்தார். 2007-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவரைப் பார்த்த பிறகே காரியம் நடந்தது. ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பாக்கித் தொகைக்கான காசோலை வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 93.

இறுதிச் சடங்குக்குப் பெரிய தலைகள் யாருமே வரவில்லை என்கிறார்களே?

2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். உதகையில் பார்சிகளின் இடுகாட்டில், 2001-இல் இறந்த மனைவி சில்லூவின் அருகே ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மத்திய அரசின் சார்பில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். பாதுகாப்பு அமைச்சரோ முப்படைத் தலைவர்களோ நேரில் வரவில்லை. தேசிய துக்க நாளும் அறிவிக்கப்படவில்லை. அந்தக் குறையை ராணுவத்தில் இருந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள், நியாயமாகவே.

அவர் சொன்ன கதைகளை எல்லாம் நம்பலாமா? அந்த மோட்டார் சைக்கிள் கதை?

அவர் நல்ல கதைசொல்லி. அதனாலேயே கவனம் வேண்டும். பல சம்பவங்களை முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னார். காஷ்மீர் மகாராஜா இணைப்புப் பத்திரத்தில் ஸ்ரீநகரிலேயே கையெழுத்திட்டதாக அவர் நினைவுகூர்ந்தார். அதே பயணத்தில் உடன் சென்ற வி.பி.மேனனோ ஜம்முவில் என்று எழுதியிருக்கிறார். 1971 ஏப்ரல் கூட்டம் பற்றிய ஐயங்களை மேலே பார்த்தோம். தேதிகளுக்கும் உத்தரவுகளுக்கும் ஆவணங்களைப் பாருங்கள். மனிதரைப் பார்க்க வேண்டுமானால் கதைகளைக் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிள் கதை இரண்டாவது வகை. பிரிவினைக்கு முன் தில்லியில் யாஹ்யா கானும் மானெக்‌ஷாவும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். மானெக்‌ஷாவின் சிவப்பு நிற ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளை 1,000 ரூபாய்க்குக் கேட்டு வாங்கிய யாஹ்யா, பணத்தைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பாகிஸ்தான் போனார். பணம் வரவே இல்லை. 1971-இல் பாகிஸ்தானின் அதிபர் அதே யாஹ்யா. ஆயிரம் ரூபாய்க்குப் பதிலாகப் பாதி நாட்டைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிட்டார் என்பார் மானெக்‌ஷா. பிற்காலத்தில் கராச்சியின் பார்சிப் பத்தி எழுத்தாளர் அர்தேஷிர் கவாஸ்ஜி அவரைச் சந்தித்தபோது, அந்த ஆயிரத்தை வட்டியோடு நான் தருகிறேன் என்றார். மானெக்‌ஷா வாங்க மறுத்துவிட்டார். யாஹ்யா நல்ல மனிதர், நல்ல சிப்பாய், நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்று சொன்னாராம்.